கீரியின் கம்ப்யூட்டரும் முள்ளம்பன்றியின் வளையும்

ஒரு காட்டில் மரங்கள் மூவாயிரம், குகைகள் பதினொன்று, கம்ப்யூட்டர் ஒன்று இருந்தன. மரங்களின் எண்ணிக்கை குத்துமதிப்பு. குகைகளை எண்ணியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் நிச்சயமாக ஒன்றுதான்.

அது ஓர் இலுப்பை மரத்தின் பொந்தில் இருந்தது. பொந்துக்கு வெளியே ‘காட்டுப் பொதுச் சேவை மையம்’ என்று பலகை தொங்கியது. மையத்தை நடத்தியது தணிகை என்ற கீரி. தணிகை நகரத்தில் படித்தது. அதாவது, ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் மேசைக்கு அடியில் இரண்டு வருடம் ஒளிந்திருந்து, கடைக்காரர் பேசியதையெல்லாம் கேட்டது. அதன் வம்சத்தில் அதற்கு முன்பு யாரும் மேசைக்கு அடியில்கூடப் போனதில்லை. ஆகவே காடு அதைப் படித்த கீரி என்று ஏற்றுக்கொண்டது.

கம்ப்யூட்டர் மெதுவானது. ஒரு மனுவைத் திறந்து, நிரப்பி, அனுப்பி முடிக்கப் பதினோரு நிமிடம் ஆகும். ஆனால் ஒருநாளும் பாதியில் நின்றதில்லை. யாரும் குறை சொன்னதுமில்லை. பதினோரு நிமிடம் என்பது மலைப்பாம்புக்கு ஒரு கொட்டாவி.

ஒரு திங்கட்கிழமை காலை சிங்கத்தின் அலுவலகம் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியது. குகை, வளை, பொந்து, புற்று வைத்திருக்கும் எல்லோரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் மனு செய்து அதைத் தங்கள் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும். ஒரே இடத்துக்கு இருவர் மனு செய்தால், முதலில் வந்த மனுவே செல்லும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் ஏழு வரிகள் இருந்தன. அவற்றை யாரும் படிக்கவில்லை.

வரிசையில் முதலாவதாக வந்து நின்றது செங்கமலம் என்ற முள்ளம்பன்றி. அதற்கு ஓடைக்கரையில் ஒரு வளை உண்டு. வளைக்குள் இரண்டு குட்டிகள் உண்டு. மழை தொடங்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. அந்த வளை போனால், மழைக்கு முன் இன்னொன்று தோண்ட வழியே இல்லை.

அதற்குப் பின்னால், முள் படாத தூரத்தில், கோட்டைச்சாமி என்ற காட்டுப்பன்றி வந்து நின்றது. கோட்டைச்சாமியும் அதே வளைக்குத்தான் மனு கொண்டுவந்திருந்தது.

“உங்களுக்கு எதுக்குண்ணே என் வளை? உங்க உடம்பு உள்ளேயே போகாதே” என்றது செங்கமலம்.

“தலை போகும்ல? தலையை நிழல்ல வச்சுக்குவேன். உடம்பு வாசல்ல கிடக்கும். உன் வாசல்ல நல்ல சேறும்மா.”

“முதல்ல நிக்கறது நான்தான்.”

“நில்லு. தாராளமா நில்லு. நீ ஒரு அடி நகர்ந்தா அந்த இடம் என்னுது.”

தள்ளிவிட்டு முன்னால் போகக் கோட்டைச்சாமிக்கு ஆசைதான். ஆனால் ஒரு முள்ளம்பன்றியை எந்தப் பக்கத்தில் பிடித்துத் தள்ளுவது என்று அதற்குத் தெரியவில்லை.

தணிகை பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது. வரிசை ஓடை வரை போய், வளைந்து, திரும்பி வந்துகொண்டிருந்தது.

“வாங்கக்கா. எல்லாரும் வந்துட்டீங்க போல. ஒருத்தருக்குப் பதினோரு நிமிஷம்னா கடைசியில நிக்கறவருக்கு ரொம்ப நேரம் ஆயிடும். முதல்ல கொஞ்சம் வேகம் கூட்டிட்டு ஆரம்பிச்சிடலாம். அஞ்சு நிமிஷ வேலை.”

“வேகம் கூட்டறதுன்னா?”

“இது இப்ப முப்பத்திரண்டுல ஓடுது. கடையில அப்படி வச்சுத்தான் குடுப்பாங்க. உள்ளே நாற்பத்தஞ்சுக்குத் தெம்பு இருக்குக்கா. நகரத்துல இதை ஓவர்கிளாக்னு சொல்வாங்க.”

“முப்பத்திரண்டுன்னா என்னது?”

தணிகை சற்று யோசித்தது. அது நேர்மையான கீரி.

“முப்பத்திரண்டுன்னா, நாற்பத்தஞ்சைவிடக் கம்மிக்கா.”

தணிகை சொன்னபடியே செய்தது. ப்ராசஸரை நாற்பத்தைந்துக்கு ஏற்றியது. கையோடு மெமரியின் வேகத்தையும் கூட்டியது. மனு கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. வரிசை முழுவதும் வாயைப் பிளந்தது. செங்கமலம் பெயர் சொன்னது, வளையின் எண் சொன்னது, குட்டிகள் இரண்டு என்று சொன்னது. கையெழுத்துக்கு ஒரு முள்ளைப் பதித்தது. தணிகை ‘அனுப்பு’ என்ற பொத்தானை அழுத்தியது.

திரை நீலமானது. சாதாரண நீலம் இல்லை. வரிசையில் இருந்த மயில் தன் கழுத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

“போயிடுச்சா?” என்றது செங்கமலம்.

“மனுவும் போகலை, மிஷினும் போகலை. நிலையா நிக்கலை, அவ்வளவுதான். வோல்டேஜ் பத்தலை. துளி ஏத்தணும். ஏத்திட்டு ஒரு டெஸ்ட் போடணும்.”

“டெஸ்டு எவ்வளவு நேரம்?”

“இருபத்திநாலு மணி நேரம்.”

செங்கமலத்தின் முட்கள் அத்தனையும் எழுந்து நின்றன.

“தம்பி, பழைய முப்பத்திரண்டுலயே வச்சு என் மனுவை மட்டும் அனுப்பிடேன். பதினோரு நிமிஷம். நான் நிக்கறேன், பரவாயில்லை.”

“அக்கா, நிலையா இருக்குமான்னு எனக்கே தெரியாத மிஷின்ல உங்க வளையை நம்பி எப்படி வைப்பேன்?”

“முப்பத்திரண்டுல நிலையாத்தானே இருந்துச்சு?”

“இருந்துச்சு. ஆனா டெஸ்ட் பண்ணலையே.”

 

அந்த டெஸ்ட் என்பது இதுதான். உலகத்தில் யாருக்கும் தேவைப்படாத ஒரு பெரிய கணக்கைக் கம்ப்யூட்டர் இருபத்திநாலு மணி நேரம் போட்டுக்கொண்டே இருக்கும். அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது. ஒரு தப்பும் இல்லாமல் முடித்தால் அது நிலையான கம்ப்யூட்டர். தப்பு வந்தால் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து. மாற்றிய எண்களைத் தணிகை ஒரு தேக்கிலையில் நகத்தால் கீறி வைத்துக்கொண்டது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தொடங்கிய டெஸ்ட் செவ்வாய் காலை ஆறு மணிக்கு நீலமானது. தணிகை வோல்டேஜை இன்னும் துளி ஏற்றியது. இந்தத் தடவை சூடு தொண்ணூற்று நான்கு டிகிரிக்குப் போனது. பொந்திலிருந்து வறுத்த இலுப்பைக் கொட்டையின் வாசனை வந்தது. வரிசையில் இருபதாவதாக நின்ற யானையைக் கூப்பிட்டு, காதால் விசிறச் சொன்னார்கள்.

“எனக்கும் ஒரு மனு இருக்கு” என்றது யானை, விசிறிக்கொண்டே.

“டெஸ்ட் முடியட்டும்ணே.”

கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால், அனல் வரும் ஓட்டைக்கு நேராக, ஓர் உடும்பு வந்து படுத்திருந்தது. அது மனுவெல்லாம் கொண்டுவரவில்லை.

“மெதுவா ஆட்டுங்கண்ணே, குளிருது” என்றது உடும்பு.

இதற்குள் வரிசையில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. மனுப் போட வந்தவர்கள் மனுவை மறந்துவிட்டார்கள். எல்லோரும் திரையில் ஓடும் சூட்டுக் கோட்டையே பார்த்தார்கள். கோடு ஏறினால் மூச்சைப் பிடித்தார்கள். இறங்கினால் விட்டார்கள். குரங்கு ஒன்று கிளையில் உட்கார்ந்து பின்னால் நிற்பவர்களுக்காக உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. “எழுபத்தி ஒண்ணு! எழுபத்தி ரெண்டு! மறுபடி எழுபத்தி ஒண்ணு!”

இரண்டாவது டெஸ்ட் இருபத்திமூன்று மணி நேரம் தாண்டியது. புதன்கிழமை விடிகாலை, இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. மரங்கொத்தி ஒன்று மின்கம்பத்தைக் கொத்தியிருந்தது.

“மரம்னு நினைச்சேன்” என்றது மரங்கொத்தி.

காடே அதைத் திட்டியது. எல்லோரையும்விட உரக்கத் திட்டியது கோட்டைச்சாமி. திட்டி முடித்துவிட்டு, கரண்ட் வந்ததும் அது பொந்துக்குள் மூக்கை நீட்டியது.

“தணிகை, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. ப்ராசஸர்ல குத்தம் இல்லை. மெமரியை ரொம்ப இறுக்கி வச்சிருக்க. அந்த டைமிங்கைக் கொஞ்சம் தளர்த்து.”

தணிகை திரும்பிப் பார்த்தது. “அண்ணே, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மூணு நாளா உன் பின்னாலதானே நிக்கறேன். உன் தேக்கிலையைப் படிச்சேன்.”

கீரியும் பன்றியும் தலையோடு தலை முட்டி உட்கார்ந்தன. பதினாறு என்றன, பதினெட்டு என்றன. பதினெட்டு கொடுத்தால் மெத்தனமாகிவிடும் என்றது ஒன்று. மெத்தனம் தேவலை, நீலம் வேண்டாம் என்றது இன்னொன்று. செங்கமலம் பக்கத்தில் நின்று கேட்டது. திங்கட்கிழமை தன் வளையைப் பிடுங்க வந்த பன்றி இப்போது யாருடைய வளையையும் பற்றிப் பேசவில்லை. அதில் செங்கமலத்துக்குக் கொஞ்சம் நிம்மதி. ஆனால் பன்றி கொண்டுவந்த மனு அதன் பல்லிடுக்கில் அப்படியே இருந்தது. அதையும் செங்கமலம் பார்த்தது.

டைமிங்கை மாற்றியதும் கம்ப்யூட்டர் திறக்கவே இல்லை. திரை கறுப்பாக இருந்தது. வரிசை முழுவதும் தலை குனிந்தது. தணிகை பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு வட்ட பேட்டரியைக் கழற்றி, நூறு வரை எண்ணி, மறுபடி மாட்டியது. அப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் தனக்குச் சொன்ன எண்களையெல்லாம் மறந்துவிடும். திரை வெளிச்சமானது. முப்பத்திரண்டு என்று காட்டியது.

“தம்பி!” என்று கத்தியது செங்கமலம். “முப்பத்திரண்டுல நிக்குது! இதான் சமயம். இப்பவே என் மனுவை அனுப்பு. பதினோரு நிமிஷம் குடு.”

தணிகையின் கண்ணில் தண்ணீர் நின்றது.

“முப்பத்திரண்டாக்கா? இவ்வளவு தூரம் வந்துட்டா?”

“யாரும்மா அது, குறுக்கே பேசறது?” என்றது வரிசையில் ஒரு குரல். “டெஸ்ட் நடக்க விடும்மா” என்றது இன்னொன்று. விசிறிக்கொண்டிருந்த யானைகூட ஒரு காதை நிறுத்தி முறைத்தது.

வியாழன் காலை குட்டிகள் பசியில் அழும் சத்தம் ஓடைக்கரையிலிருந்து பொந்து வரைக்கும் கேட்டது. மூன்று நாளாக அவற்றுக்குக் கிடைத்தது, வரிசைக்கு வருகிறவர்கள் வழியில் போட்டுவிட்டுப் போன வேர்த்துண்டுகள்தான். செங்கமலம் கிழங்கு தோண்டப் போயே ஆக வேண்டும். அது தன் முள் ஒன்றை உருவி, தான் நின்ற இடத்தில் நட்டது. அந்தக் காட்டில் அது வழக்கம். வரிசையில் கல் வைத்துவிட்டுப் போகலாம், சிறகு வைத்துவிட்டுப் போகலாம். வைத்த பொருள் அங்கே இருக்கும் வரை அந்த இடம் வைத்தவருடையது.

“இது என் இடம்” என்று வரிசை கேட்கச் சொல்லிவிட்டுப் போனது.

குட்டிகளுக்கு ஊட்டிவிட்டு அது திரும்பி வந்தபோது மாலை நான்கு மணி. முள் நட்ட இடத்தில் கோட்டைச்சாமி நின்றது.

“அண்ணே, அது என் இடம். முள் வச்சிருந்தேன்.”

“முள்ளா? காட்டு பார்க்கலாம்.”

தரையில் முள் இல்லை.

“தம்பி, என் முள்ளு எங்கே?”

“அதுவாக்கா?” தணிகை சந்தோஷமாகச் சொன்னது. “சூடு குறைய ப்ராசஸர் மேல பேஸ்ட்னு ஒரு பசை மெல்லிசாத் தடவணும். இங்கே இருக்கறதுலயே உங்க முள்ளுதான் கச்சிதமா இருந்துச்சு. தடவினதுல எட்டு டிகிரி குறைஞ்சிருக்குக்கா! மூணு மணிக்கு டெஸ்ட் ஆரம்பிச்சாச்சு. நாளைக்கு மூணு மணிக்கு முடியும். எல்லாம் உங்க முள்ளோட புண்ணியம்.”

முள் பெட்டியின் மேல் கிடந்தது. அதன் நுனியில் சாம்பல் நிறத்தில் பேஸ்ட் ஒட்டியிருந்தது. சட்டப்படி அது வரிசையில் இல்லை.

செங்கமலம் கோட்டைச்சாமிக்குப் பின்னால், இரண்டாவதாக நின்றது. செய்ய வேறு ஒன்றும் இல்லாததால் பலகையில் இருந்த அறிவிப்பைப் படித்தது. பெரிய எழுத்தை ஏற்கெனவே நாற்பது தடவை படித்திருந்தது. இப்போது பொடி எழுத்துக்குப் போனது. முதல் ஆறு வரிகளில் அணில்களுக்கான விதிவிலக்குகள் இருந்தன. ஏழாவது வரி இப்படி இருந்தது: ‘யாருமே மனு செய்யாத இடம், இப்போது யாரிடம் இருக்கிறதோ அவரிடமே தொடர்ந்து இருக்கும்.’

செங்கமலம் அந்த வரியை மறுபடி படித்தது. பிறகு, சரியாகத்தான் புரிந்துகொண்டோமா என்ற பயத்தில், முதல் ஆறு வரிகளையும் சேர்த்து இன்னொரு தடவை படித்தது. சரிதான். தன் மனு போகாவிட்டாலும் வளை போகாது. பன்றியின் மனு போகக் கூடாது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வெள்ளி மதியம் வரை, டெஸ்ட் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த ஒரே பிராணி செங்கமலம்தான். கோடு எழுபதைத் தாண்டவே இல்லை. பேஸ்ட் அவ்வளவு நேர்த்தியாகத் தடவப்பட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் திரையில் பச்சை வந்தது. தப்பு ஒன்றும் இல்லை.

“நிலையாயிடுச்சு!” என்று தணிகை கத்தியது. குரங்குகள் கிளையை உலுக்கின. யானை பிளிறியது. மரங்கொத்தியைக்கூட மன்னித்தார்கள். தணிகை முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வரிசையில முதல்ல யாரு?” என்றது.

“நான்தான்” என்றது கோட்டைச்சாமி.

“உங்களுக்கு என்னண்ணே வேணும்?”

கோட்டைச்சாமி யோசித்தது. உண்மையாகவே யோசித்தது. பிறகு பல்லிடுக்கில் ஏதோ உறுத்த, மனுவை எடுத்துப் பார்த்தது.

“ஓ, ஆமா. ஓடைக்கரை வளை. என் பேருக்கு மாத்தணும்.”

படிவம் கண் மூடித் திறப்பதற்குள் திறந்தது. கோட்டைச்சாமி மூக்கால் தட்டத் தொடங்கியது. பெயர் முடிந்தது. வளையின் எண் முடிந்தது. ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘சேறு’ என்று தட்டியது. இனி ‘அனுப்பு’ ஒன்றுதான் பாக்கி.

செங்கமலம் அழவில்லை. சண்டையும் போடவில்லை. நான்கு நாளாக அது இந்த இருவர் பேசியதையும் பக்கத்திலிருந்து கேட்டிருந்தது. அது ஒரு கேள்வி மட்டும் கேட்டது. அதையும் மெதுவாகத்தான் கேட்டது.

“ஏன் தம்பி, நாற்பத்தாறு போகாதா?”

யானையின் காதுகள் நின்றன. தணிகையின் மீசை மட்டும் ஒருமுறை துடித்தது.

“வேணாம்” என்றது கோட்டைச்சாமி. “மனு முக்கியம்.” மூக்கைப் பொத்தானுக்குப் பக்கத்தில் கொண்டுபோனது. அங்கேயே வைத்திருந்தது. பிறகு திரும்பாமலே கேட்டது. “தணிகை, சூடு எவ்வளவு காட்டுது?”

“அறுபத்தொன்பதுண்ணே.”

“அறுபத்தொன்பதுதானா? இன்னும் இடம் இருக்குல்ல?”

“நிறைய இருக்குண்ணே.”

“வோல்டேஜ்?”

“துளி ஏத்தினா போதும்.”

கோட்டைச்சாமி மூக்கைப் பொத்தானிலிருந்து எடுத்தது.

“அஞ்சு நிமிஷ வேலைதானே?”

“அஞ்சு நிமிஷ வேலைதாண்ணே!”

தணிகை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டது. படிவம், பெயர், எண், சேறு எல்லாம் போயின. நாற்பத்தாறு என்று எழுதப் புதிதாக ஒரு தேக்கிலை பறித்தார்கள். யானை காதை ஆட்டத் தொடங்கியது. “மெதுவாண்ணே” என்றது உடும்பு. குரங்கு கிளையில் ஏறி, “அறுபத்தி எட்டு!” என்றது.

செங்கமலம் பெட்டியின் மேல் கிடந்த தன் முள்ளை எடுத்துக்கொண்டது.

“எங்கேக்கா போறீங்க? வரிசை?” என்று கேட்டது தணிகை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“குட்டிங்க தனியா இருக்குங்க தம்பி. நீங்க டெஸ்டைப் பாருங்க.”

மணி ஐந்து அடித்தது. யாருக்கும் கேட்கவில்லை.

மறுவாரம் சிங்கத்தின் அலுவலகம் இன்னோர் அறிவிப்பு ஒட்டியது. அந்தக் காட்டிலிருந்து ஒரு மனுகூட வராததால், அங்கே எல்லோரும் திருப்தியாக இருப்பதாகக் கருதப்படுகிறது என்றும், குறையே இல்லாத காடு என்ற பாராட்டுச் சான்றிதழ் வழங்கப்படுகிறது என்றும் அதில் இருந்தது. சான்றிதழைப் பதிவிறக்கம் செய்துகொள்ளக் கம்ப்யூட்டர் தேவை. டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் செய்துகொள்ளவில்லை.

மழை வந்தது. செங்கமலம் தன் குட்டிகளோடு தன் வளைக்குள் இருந்தது. கோட்டைச்சாமி பொந்து வாசலிலேயே கிடந்தது. மழையில் அங்கேயும் நல்ல சேறு. தலையை மட்டும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், நிழலில் வைத்திருந்தது. அனல் ஓட்டைக்குப் பின்னால் உடும்பின் முட்டைகள் பதினான்கும் பொரிந்தன. இதுவரை அந்தக் கம்ப்யூட்டரால் நடந்து முடிந்த ஒரே காரியம் அதுதான்.

எப்போதாவது டெஸ்ட் முடிந்து திரை பச்சையாகும். அப்போது கோட்டைச்சாமி தலையைத் தூக்கி, ஏதோ ஞாபகம் வந்ததுபோல ஓடைக்கரைப் பக்கம் பார்க்கும். அந்த நேரம் பார்த்துச் செங்கமலம் வாயில் கிழங்கோடு அந்த வழியாகப் போகும். கிழங்கைக் கீழே வைத்துவிட்டு, “மெமரியை இன்னும் கொஞ்சம் இறுக்கலாமோ என்னவோ” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். மறுபடி கிழங்கைக் கவ்விக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

நீதி: உன் எதிரி ‘அனுப்பு’ பொத்தானை அழுத்தப் போனால் கையைப் பிடிக்காதே, கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடுமே என்று மட்டும் சொல்லிவிட்டு, உன் முள்ளை ஞாபகமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ.